இலவசக் குளிசையின் விலை

உயர்தர வகுப்பிலே பொருளியல் பயில வரும் மாணாக்கருக்கு முதல் தவணையிலேயே நாம் கற்பிக்கும் பாடங்களுள் ஒன்று ‘அமையச் செலவு’ என்பது. ஒன்றைப் பெறுவதற்காக வேறு எதனைக் கைவிடுகிறோமோ, அவ்வாறு கைவிட்டதே பெற்றதன் உண்மையான செலவு என்பது அப்பாடத்தின் சாரம். ஒரு பரப்புத் தோட்டத்திலே புகையிலை நட்டால் அங்கே வெங்காயம் நட முடியாது; அந்த வெங்காயமே புகையிலையின் அமையச் செலவு என்று கரும்பலகையில் எழுதி விளக்குவது எமது வழக்கம். இருபது ஆண்டுகளாக இதனையே சொல்லி வருகிறோம். மாணாக்கரும் எழுதிக்கொள்கின்றனர், பரீட்சையிலே புள்ளியும் பெறுகின்றனர்.

சென்ற தவணையில் இப்பாடம் நடந்துகொண்டிருந்தபோது பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். “சேர், கிளினிக்கிலே பிறஷர்க் குளிசை இலவசமாகத்தானே கொடுக்கிறார்கள்? அப்படியிருந்தும் எங்கள் அம்மப்பா அதை ஏன் இடையிலே விட்டார்?” என்று கேட்டான். வகுப்பிலே சிலர் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், அதே கேள்வியைப் பல ஆண்டுகளுக்கு முன் நாமும் ஒருவரிடம் கேட்டிருந்தோம். அவர் கூறிய விடையை அன்று விளங்கிக்கொள்ளத் தவறியிருந்தோம்.

அவர் எமது தாய்மாமன். வலிகாமத்துச் செம்மண்ணிலே தோட்டஞ் செய்து நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். 2016ஆம் ஆண்டிலே, காலிற் பட்ட காயத்துக்கு மருந்து கட்டச் சென்றவிடத்தில், அவருக்கு உயர் குருதியமுக்கம் உண்டென்று கண்டுபிடித்தார்கள். கிளினிக் கொப்பி ஒன்று கொடுத்து, மாதந்தோறும் வந்து மருந்து பெறும்படி சொன்னார்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் ஒழுங்காகச் சென்றார். பின்னர் நிறுத்திவிட்டார். அதனை அறிந்து நாம் ஏசினோம். “சும்மா கிடைக்கிறதை விடலாமோ, மாமா?” என்றோம். அவர் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, “தம்பி, எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. குளிசையைச் சும்மா தருகினம். அந்த நாளை ஆர் தருவினம்?” என்றார்.

நண்பர்களே, இதுவே அமையச் செலவு. நாம் கரும்பலகையில் எழுதும் வரைவிலக்கணத்தை அவர் ஒரே வசனத்திற் சொல்லிவிட்டார். பொருளியல் கற்பிக்கும் நாமோ அதனைச் சோம்பற் பேச்சென்று எண்ணி மேலும் இரண்டு சொல் ஏசிவிட்டு வந்தோம். 2019ஆம் ஆண்டு ஒரு விடியற்காலையிலே, இறைப்புக்கென்று எழுந்த அவர் கிணற்றடியில் விழுந்தார். பாரிசவாதம். வலக்கையும் வலக்காலும் வாக்கும் போயின. ஈராண்டு படுக்கையிற் கிடந்து மறைந்தார்.

அந்த நாளின் கணக்கை இப்பொழுதாவது போட்டுப் பார்ப்போம். கிளினிக் நாளன்று அவர் நான்கரை மணிக்கு எழுந்து முதலாவது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பிந்தினால் துண்டு கிடைப்பது பிந்தும். துண்டு பெற்றபின் வாங்கிலே காத்திருத்தல். அமுக்கம் அளந்தபின் மீண்டும் காத்திருத்தல். வைத்தியரைக் காண்பது இரண்டு மூன்று நிமிடம். அதன்பின் மருந்துச் சாலையின் முன் இன்னொரு வரிசை. வீடு திரும்ப மதியம் கடந்துவிடும். வைத்தியரையும் தாதியரையும் இதற்குக் குறை கூற முடியாது. ஒரு காலைப்பொழுதிலே நூற்றுக்கணக்கானோரைக் காண வேண்டியவர்கள் அவர்கள். ஆயினும் வெங்காயத்துக்கு இறைப்பு முறை தப்பலாகாது. ஆதலின் அன்றைக்குக் கூலியாள் ஒருவரை அமர்த்த வேண்டும். அக்காலத்திலே அவர் கொடுத்த கூலி 1,500 ரூபா. பஸ் கட்டணமும் தேநீரும் சேர்த்தால் 1,700 ரூபா. பன்னிரண்டு மாதத்துக்கு 20,400 ரூபா. அரசு மொத்தமாகக் கொள்வனவு செய்யும் விலைப்படி பார்த்தால், ஆண்டு முழுவதும் அவர் விழுங்கிய குளிசைகளின் பெறுமதி இத்தொகையிலே மிகச் சிறிய கூறாகவே இருக்கும். அரசு கொடுத்த இலவசப் பொருளை வாங்குவதற்கு அவர் அதன் விலையைப்போலப் பலமடங்கு செலவிட்டார்.

விழுந்தபின் ஏற்பட்ட கணக்கு வேறு. ஆறு பரப்புத் தோட்டக் காணி ஈட்டுக்குப் போயிற்று. கடையொன்றிலே கணக்கெழுதி வந்த மூத்த மகள், தந்தையைப் புரட்டிக் கிடத்தவும் உணவூட்டவும் வேலையை விட்டாள். இளைய மகனின் படிப்பு ஓராண்டு தடைப்பட்டது. வைத்தியசாலைக் கட்டிலும் மருந்தும் தாதியர் பணியும் அவருக்கு இலவசமாகவே கிடைத்தன. ஆனால் அவற்றுக்கும் பணம் கொடுத்தவர் உண்டு. அது எம் எல்லோருடைய வரிப்பணம். மாதம் ஒரு நாளை மீதப்படுத்தப் போய், குடும்பமும் நாடும் சேர்ந்து செலுத்திய விலை அது.

நோயின் இயல்பும் இக்கணக்குக்கு ஒரு காரணம். பல்வலி வந்தவனை எவரும் வைத்தியரிடம் துரத்த வேண்டியதில்லை. குருதியமுக்கமோ வலி தராது, காய்ச்சல் தராது, வேலையைத் தடுக்காது. மேலமுக்கம் 140 ஆகவோ அதற்கு மேலாகவோ, அல்லது கீழமுக்கம் 90 ஆகவோ அதற்கு மேலாகவோ பன்முறை அளந்தபோதும் நிற்குமாயின் அதனை உயர் குருதியமுக்கம் என்பர். பல ஆண்டுகள் ஒலியின்றி இருந்து, மூளையிலோ இதயத்திலோ சிறுநீரகத்திலோ ஒருநாள் அது தன்னைக் காட்டும். இன்று செலவு, பத்தாண்டு கழித்துப் பயன் என்றால், அன்றாடம் உழைத்து உண்பவன் எதைத் தெரிந்தெடுப்பான்? அதிலும் பயன் என்பது, வரவிருந்த ஒன்று வராமற் போதல். வராததை எவர் கண்டார்? 2021ஆம் ஆண்டிலே இலங்கையில் நடத்தப்பெற்ற தேசிய ஆய்வொன்று, வளர்ந்தோரில் ஏறத்தாழ மூவருள் ஒருவருக்கு இந்நோய் உண்டெனக் காட்டிற்று. உலக முழுவதையும் நோக்கினால், இந்நோயுள்ளோரில் ஐவருள் ஒருவருக்கே அமுக்கம் கட்டுக்குள் இருக்கிறதென 2023ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

மருந்து இல்லாத காலமும் ஒன்று இருந்தது. அமெரிக்க ஜனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ற் 1945 ஏப்பிரல் 12ஆம் நாள் மூளையிலே குருதி பெருகி இறந்தபோது, அவரது மேலமுக்கம் 300 ஆகவும் கீழமுக்கம் 190 ஆகவும் இருந்தன. உலகத்திலே செல்வம் மிக்க நாட்டின் தலைவர் அவர்; அருகிலேயே இதய வைத்தியர் இருந்தார். கொடுப்பதற்குத் தகுந்த குளிசைதான் இருக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1949இலே, பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல், நம் நாட்டு வைத்தியர் நெடுங்காலம் கையாண்டுவந்த சர்ப்பகந்தி வேரினால் அமுக்கம் தணிவதை ஆங்கில இதய மருத்துவ இதழொன்றிலே எழுதினார். மேனாடுகள் அவ்வேரை நாடின. 1952இலே அதன் சத்து பிரித்தெடுக்கப்பட்டது. 1967ஆம் ஆண்டு அமெரிக்காவிலே 143 முன்னாட் படைவீரரைக் கொண்டு நடத்திய சோதனை, மருந்து உயிர்காக்கும் என்பதை ஐயமற நிறுவிற்று. கடும் அமுக்கமுள்ள அவர்களுள் வெறும் மாவுக் குளிசை உண்ட 70 பேரில் 27 பேருக்குப் பெருந்தீங்கு நேர்ந்தது. மருந்துண்ட 73 பேரில் இருவருக்கே நேர்ந்தது. ரூஸ்வெல்ற்றுக்குக் கிட்டாத மருந்து இன்று எமது வலிகாமத்துத் தோட்டக்காரனுக்கு இலவசமாகக் கிட்டுகிறது. இது சிறிய வெற்றியன்று.

இந்த வெற்றிக்கு இலங்கையிலே ஒருவரை நன்றியுடன் நினைத்தல் தகும். மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே அவர்கள், ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களிலே பல விலைக்கு விற்கப்படுவதைக் கண்டு, மருந்தின் மூலப்பெயரைக் கூறி உலகச் சந்தையிலே கேள்விப்பத்திரம் கோரினால் விலை பெரிதும் விழும் என்று காட்டினார். அவரது முயற்சியாலே 1971ஆம் ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1977இலே அவர் காலமானார். ஆனால் அவர் காட்டிய வழி பின்னர் பல நாடுகளுக்கும் முன்மாதிரியாயிற்று. மருந்தின் விலை என்ற சிக்கலை அவர் அரைவாசியேனும் அவிழ்த்து வைத்தார். எஞ்சிய முடிச்சு வேறிடத்திலே கிடக்கிறது. குளிசை நாட்டுக்கு வந்துவிட்டது. வைத்தியசாலை வரைக்கும் வந்துவிட்டது. அங்கிருந்து நோயாளியின் வாய்வரைக்கும் உள்ள தூரத்தை எவர் செலவிலே கடப்பது என்பதே அந்த முடிச்சு.

அதனை அவிழ்க்கும் முயற்சியொன்று எமது நாட்டிலேயே நடந்தது. 2016 தொடக்கம் 2019 வரை, வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளிலும் நாட்டுக்குப் பத்தாக முப்பது கிராமப் பகுதிகளைத் தெரிந்து, குருதியமுக்கமுள்ள 2,645 பேரை ஈராண்டு கவனித்தார்கள். சிங்கப்பூரிலுள்ள பேராசிரியை தஸீன் ஜாபர் இதற்குத் தலைமை தாங்க, இலங்கையிலே களனிப் பல்கலைக்கழகத்தார் பங்குகொண்டனர். பாதிக் கிராமங்களிலே வழமையான கவனிப்பு மாத்திரம். மற்றப் பாதியிலே, ஏற்கெனவே வீடுவீடாகச் செல்லும் அரச சுகாதாரப் பணியாளர்கள் — எமது நாட்டைப் பொறுத்தவரை மருத்துவமாதர் — அமுக்கம் அளக்கவும், உணவு பழக்கம் பற்றிப் பேசவும், குளிசை ஒழுங்காக உண்ணப்படுகிறதா என்று பார்க்கவும், கூடியிருந்தால் வைத்தியரிடம் அனுப்பவும் பயிற்றப்பட்டனர். வைத்தியர்களுக்கும் எளிய ஒழுங்குமுறை ஒன்று பயிற்றுவிக்கப்பட்டது. புதிய கட்டடம் இல்லை. புதிய மருந்தும் இல்லை.

2020ஆம் ஆண்டிலே பெறுபேறு வெளியாயிற்று. வீடு தேடிச் சென்ற கிராமங்களிலே மேலமுக்கம் சராசரி 9 அலகு இறங்கியிருந்தது, மற்றவற்றிலே 3.9 அலகு. அமுக்கம் கட்டுக்குள் வந்தோர் முன்னையதில் நூற்றுக்கு 53, பின்னையதில் 44. ஐந்து அலகு வித்தியாசம் ஒரு பெரிதோ என்று வாசகர் கேட்கலாம். ஐந்து அலகு இறங்கினாற் பாரிசவாதம், மாரடைப்பு முதலிய பெருந்தீங்குகள் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறையும் என்பது பல ஆய்வுகளை ஒருங்கு சேர்த்துக் கண்ட முடிவு. இதற்கான மேலதிகச் செலவு நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்குப் பதினொரு அமெரிக்க டாலருக்கும் குறைவாகவே மதிப்பிடப்பட்டது. பாரிசவாதக்காரர் ஒருவரைச் சில நாட்கள் வைத்தியசாலையில் வைத்துப் பராமரிக்கும் செலவை எண்ணிப் பாருங்கள். அதனோடு எமது மாமனின் ஆறு பரப்புக் காணியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொருளியல் உண்மை மறைந்து கிடக்கிறது. நூறு நோயாளர் வைத்தியசாலைக்குச் சென்றால் நூறு நாட்கள் கெடுகின்றன. ஒரு மருத்துவமாது அந்நூறு வீடுகளுக்கும் சென்றால் அவளது சில நாட்களே செலவாகின்றன. முன்னைய நூறு நாட்களும் அரசின் கணக்குப் புத்தகத்தில் ஓரிடத்திலும் எழுதப்படுவதில்லை. அவை ஏழையின் மடியிலிருந்து போகின்றன. பின்னைய சில நாட்களுக்கோ சம்பளம் என்று ஒரு தொகை எழுதப்பட வேண்டும். ஆதலினாலேயே முன்னையது மலிவாகவும் பின்னையது செலவாகவும் தோன்றுகின்றன. எழுதப்படாத செலவும் செலவே என்பதைத்தான் முதல் தவணையிலே நாம் மாணாக்கருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

வீடு தேடிச் செல்லும் மருத்துவம் எமக்குப் புதுமையுமன்று. 1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டு, நோய் வருமுன் காக்கும் பணி கிராமத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவ்வமைப்பு நாடெங்கும் பரவிற்று; கர்ப்பிணிகளைத் தேடி மருத்துவமாதர் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தார்கள். 1930களிலே இலட்சம் பிரசவங்களில் ஏறத்தாழ இரண்டாயிரம் தாய்மார் மாண்ட நாடு, இந்த நூற்றாண்டிலே அதனை நாற்பதுக்கும் கீழே இறக்கியிருக்கிறது. இதனிலும் செல்வம் மிக்க பல நாடுகள் இதனைச் சாதிக்கவில்லை. பிள்ளைப் பேற்றுக்கு நடந்த கால்கள் அப்பிள்ளையின் பாட்டனாருக்கும் நடக்கலாகாதா என்பதே கேள்வி.

எமது குடாநாட்டிலோ இதற்கும் முந்திய முன்மாதிரி உண்டு. 1847இலே யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே பணிபுரிந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தாம் ஒருவரே எல்லோரையும் பார்த்துவிட முடியாது என்பதை விரைவிலே உணர்ந்தார். ஊர் இளைஞரை வைத்தியராகப் பயிற்றினார். அவர்கள் பயில்வதற்காக ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களைத் தமிழிலே ஆக்குவித்தார். ஆங்கிலத்திற் கற்றவன் ஊரைவிட்டுப் போய்விடுவான், தமிழிற் கற்றவன் ஊரிலே நின்று ஊரவர்க்கு உதவுவான் என்பது அவரது கணிப்பு. மருத்துவத்தை நோயாளியின் மொழிக்கும் நோயாளியின் ஊருக்கும் கொண்டுபோக வேண்டும் என்ற கொள்கையை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் எம்மிடையே நடத்திக் காட்டியவர் அவர்.

கடலுக்கு அப்பாலும் சற்று நோக்குவோம். தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியிலே ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. குருதியமுக்கமும் நீரிழிவும் உள்ளோரின் இல்லத்துக்கே பணிப்பெண்கள் சென்று, அளந்து பார்த்து, மருந்தைக் கொடுத்து வருவது அதன் முறை. 2024ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதற்குக் கிடைத்தது. அங்கும் குறைகள் இருக்கும். ஆயினும் பல கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பிலே இது நடக்கக்கூடியதே என்பது தெளிவாயிற்று.

எம்மிடத்திலும் ஒருமுறை நடந்ததை நாம் மறந்துவிட்டோம். 2020ஆம் ஆண்டு கொரோனாவினால் ஊரடங்கு நிலவியபோது, கிளினிக் மருந்துகள் அஞ்சற் சேவை மூலம் நோயாளர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. தபாற்காரர் படலையிலே நின்று மணியடித்துக் குளிசைப் பொதியைக் கொடுத்தார். இடர்க்காலத்திலே இயன்றது இடர் நீங்கியபின் இயலாது என்பது பொருந்துமா?

எதிர்வாதங்களையும் நேர்மையுடன் நோக்க வேண்டும். மருத்துவமாதருக்கு ஏற்கெனவே தாங்கமுடியாத வேலையுண்டு என்பர், அது மெய். கைகளைக் கூட்டாமல் வேலையை மாத்திரம் கூட்டினாற் குழந்தைகளின் நலமும் கெடும், கிழவர்களின் நலமும் கெடும். ஆகவே செலவு உண்டு. அதனை மறைத்து இலவசமாக நடக்கும் என்று நாம் சொல்லவில்லை. இன்னொரு வாதம், வீட்டிலே கொடுத்து விட்டால் நோயாளி வைத்தியரையே காணாது விடுவார் என்பது. அளந்து பார்ப்பவர் மாதந்தோறும் வருவாராயின், கட்டுக்குள் நிற்பவர் மூன்று மாதத்துக்கொருமுறை வைத்தியரைக் கண்டாற் போதும். கட்டுமீறியவரை உடனே அனுப்பலாம். வைத்தியரின் வரிசையும் குறையும். உண்மையாக அவரைக் காண வேண்டியவருக்கு இரண்டு நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடம் கிடைக்கும்.

மூன்றாவது வாதமே வலியது: மருந்தே இல்லாவிடில் எதனைக் கொண்டுசெல்வது? 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்திலே மருந்துக்கு அலைந்த குடாநாட்டவருக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு நாட்டின் டாலர்க் கையிருப்பு வற்றியபோது, வைத்தியசாலைகளிலே வழமையான மருந்துகள் தட்டுப்பட்டன. வெளியிலே வாங்கச் சென்றவர் விலை கேட்டுத் திகைத்தனர். சிலர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் உண்டனர். சிலர் பாதியாக முறித்து உண்டனர். மீதமென்று நினைத்துச் செய்த இச்செயல் எமது மாமன் சென்ற பாதையே. பிபிலே காட்டிய வழியிலே மூலப்பெயர் மருந்துகளை முன்கூட்டியே கொள்வனவு செய்து களஞ்சியத்தில் வைப்பது, வீடு தேடும் மருத்துவத்துக்கு அடித்தளம். வண்டி எத்துணை நன்றாயினும் மூட்டை இன்றேற் பயனில்லை.

அரசு செய்யுமட்டும் நாம் கைகட்டி இருக்க வேண்டுமோ? வேண்டியதில்லை. எமது ஊர்களிலே சனசமூக நிலையம் இல்லாத குறிச்சி அரிது. காலையிலே பத்திரிகை பார்க்க முதியோர் அங்கே கூடுகின்றனர். அமுக்கம் அளக்கும் கருவி ஒன்றும் ஒரு கொப்பியும் அங்கே இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து கோயிற் திருவிழாவுக்குப் பணம் அனுப்பும் அன்பர் ஒருவர் ஊருக்கொரு கருவி வாங்கித் தந்தாற் போதும். அளக்குமுன் ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்திருத்தல், கையை இதயத்தின் மட்டத்திலே வைத்தல், அரைமணி நேரத்துக்குள் தேநீரோ புகையோ இல்லாதிருத்தல் ஆகிய விதிகளை உயர்தர மாணவன் ஒருவன் ஒரு பின்னேரத்திலே கற்றுக்கொள்வான். எழுதிய கொப்பி கிளினிக்குக்குப் போனால், ஒருநாள் அளவை மாத்திரம் பார்த்து முடிவு செய்யும் இடர் வைத்தியருக்கும் நீங்கும். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் வைத்தியர் வேலை. கருவி அதற்கு உதவி மட்டுமே.

அயலவரும் உதவலாம். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, பெரிய வீட்டிலே தனித்திருக்கும் முதியோர் எமது ஒழுங்கைகளிலே எத்தனை பேர்! அவர்களுக்குப் பணம் வருகிறது. கிளினிக் வாசலிலே கூட நிற்க ஆள் வருவதில்லை. ஒரே ஒழுங்கையிலுள்ளோர் ஒரே நாளிலே கிளினிக் பெறும்படி கேட்டு, ஒரு முச்சக்கர வண்டியிலே சேர்ந்து போகலாம்.

இல்லத்தரசிகளுக்கும் ஒரு சொல். ஆனையிறவு உப்பளத்தை வாயிலிலே கொண்ட எமக்கு உப்பு எளிதாகவே கை வந்துவிட்டது. கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் இல்லாத சாப்பாடு சாப்பாடன்று என்று எண்ணுகிறோம். நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக — ஒரு தேக்கரண்டியளவுக்குள் — உப்பு அமைய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாம் உண்பது அதனிலும் மிகுதி. சோற்றுக்கு உப்பிடாமல் விடுவதும், ஊறுகாயை வாரம் ஒருமுறையாக்குவதும் செலவு வைக்காத வைத்தியம். இருக்கிற செலவையும் அது குறைக்கும்.

நிற்க, அம்மாணவனின் கேள்விக்கு வருவோம். அன்று வகுப்பிலே நாம் விடை சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலோ அயலிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் கிளினிக் நாள் ஒன்றின் அமையச் செலவைக் கேட்டு எழுதி வரும்படி பணித்தோம். திங்கட்கிழமை கொப்பிகள் வந்தன. கூலி என்று எழுதியவர் பலர். கடை பூட்டிய நாள் என்று ஒருவன். பேரப்பிள்ளையை அயல் வீட்டிலே விட்ட நாள் என்று ஒருத்தி. பின்வாங்கு மாணவனின் கொப்பியிலே இரண்டு வரிகளே இருந்தன. அம்மாவுக்கு வேலை; ஆகவே அம்மப்பாவுக்குத் துணையாக மாதம் ஒருநாள் தானே போவதாகவும், தன் பாடம் கெடுகிறதென்று அம்மப்பா போவதையே விட்டுவிட்டார் என்றும் எழுதியிருந்தான். கேள்விக்கு விடையை அவனே கேட்டறிந்து வந்துவிட்டான்.

நாம் வரவுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். சென்ற ஆண்டிலே மாதந்தோறும் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் பெயருக்கு நேரே சிவப்பு மை இருந்தது. அதற்காக அவனை இருமுறை எழுந்து நிற்க வைத்ததும் நினைவுக்கு வந்தது. இவ்வாண்டு தொடக்கம் சிவப்பு மை இல்லை. ஒழுங்காக வருகிறாய் என்று அவனை வகுப்பின் முன்னே பாராட்டியும் இருந்தோம்.

அன்று மாலை அவனுடைய வீட்டுக்குச் சென்றோம். ஏசுவதற்காகச் செல்லவில்லை, அந்தப் பிழையை ஒருமுறை செய்தாயிற்று. பெரியவருடன் இருந்து கணக்கைப் போட்டோம். தாயார் கிளினிக்குச் சென்று நிலைமையைச் சொல்ல, தாதியார் ஒருவர் பரிந்து பேசி, இரண்டு மாதத்துக்குரிய குளிசையை ஒரே முறையிற் பெற ஒழுங்காயிற்று. இடைப்பட்ட மாதத்திலே அளந்து பார்ப்பது பேரனின் பொறுப்பு. இரண்டு மாதத்துக்கொரு செவ்வாய்க்கிழமை அவன் பாடசாலைக்கு வரமாட்டான். அந்நாளிலே பதிவேட்டில் என்ன நிற மையால் எழுதுவதென்று அதிபருடன் பேசி வருகிறோம்.